போர்டு கட்டளை போடும், சோறு போடாது

நிந்தவூரில ஒரு கலியாண வீடு என்றால் ஒழுங்கை முழுக்கத் தெரியும். மதிலில இருந்து பந்தல் வரைக்கும் லைட் ஏறிடும். இப்ப அந்த லைட்டுகளுக்கு நடுவில ஒரு புதுச் சாமானும் வந்திருக்கு. ஒவ்வொரு குமிழும் தனித்தனி நிறம் காட்டி ஓடுகிற எல்ஈடி ஸ்ட்ரிப். எங்கட கூட்டத்தில ஒருத்தியின் ராத்தாவுக்குக் கலியாணம் வந்தபோது, "அதை நாங்களே செய்றம்" என்று பொறுப்பெடுத்தோம். நாங்கள் ஐந்து பேர், எல்லாரும் கலைப்பீடம். "உங்களுக்கென்ன கரண்டு வேலை தெரியும்? பேசாம ஒரு ஆளைப் பிடிச்சுக் குடுங்க" என்று அவளுடைய வாப்பா சொன்னார்.

அவர் சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

வீடியோக்கள் பார்த்தோம். மூன்றே வயர்தான்: 5 வோல்ட், கிரவுண்ட், டேட்டா. மூன்றையும் ஆர்டுயினோ போர்டில குத்தி, போர்டை மடிக்கணினியோட யூஎஸ்பியில போட்டோம். பத்துக் குமிழ் வடிவாக எரிந்தது. உற்சாகத்தில் 300 குமிழையும் வெள்ளையாக்கினோம். தொடக்கத்தில் வெள்ளை, நடுவில் மஞ்சள், முனையில் சிவப்பு. அடுத்த கணம் எல்லாமே அணைந்தது.

கோட் பிழையென்று நினைத்து இரவிரவாகத் தேடினோம். பிழை கோடில் இல்லை, கணக்கில் இருந்தது. டபிள்யூஎஸ் 2812பி என்ற இந்த வகையில் ஒரு குமிழுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று சின்ன எல்ஈடியும் ஒரு சிப்பும் இருக்கின்றன. மூன்றும் முழுதாக எரிந்தால் ஒரு குமிழ் 60 மில்லி அம்பியர் வரை இழுக்கும். மீட்டருக்கு 60 குமிழ், ஐந்து மீட்டருக்கு 300. பெருக்கிப் பாருங்க, 18 அம்பியர். சாதாரண யூஎஸ்பி துளை தருவது அரை அம்பியர். முனை சிவந்ததற்கும் காரணம் உண்டு. ஸ்ட்ரிப்பில் உள்ள செப்பு மெல்லியது, போகப் போக வோல்ட் விழும். நீலத்துக்கும் பச்சைக்கும் சிவப்பை விடக் கூடுதல் வோல்ட் வேண்டும், அதனால் அவை முதலில் மங்கும்.

எங்கட முதல் கருத்து இதுதான்: நாம் பார்க்கிற வீடியோக்கள் நிறம் ஓடுவதை அரை மணித்தியாலம் காட்டுகின்றன, மின்சாரத்தை அரை வசனத்தில் முடிக்கின்றன. போர்டின் வேலை கட்டளை போடுவது மட்டும். சோறு போடுகிறது பவர் சப்ளை. இந்த இரண்டையும் பிரித்து விளங்கினால் மிச்சம் லேசு.

பிறகு 5 வோல்ட், 20 அம்பியர் சப்ளை ஒன்று வாங்கினோம். ஸ்ட்ரிப்பின் இரண்டு முனையிலும் மின் கொடுத்தோம். சப்ளையின் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் சேர்த்துக் கட்டினோம், இல்லாவிட்டால் டேட்டா விளங்காமல் குமிழ்கள் கண்டபடி மினுங்கும். டேட்டா வயரில் 330 ஓம் தடை ஒன்று, சப்ளை வாயில் 1000 மைக்ரோ ஃபராட் கொள்ளளவி ஒன்று. ஈஎஸ்பி32 பாவிக்கிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். அது தருவது 3.3 வோல்ட் சமிக்ஞை, ஸ்ட்ரிப் எதிர்பார்ப்பது குறைந்தது 3.5. சில நேரம் வேலை செய்யும், சில நேரம் காலை வாரிவிடும். நடுவில் ஒரு லெவல் ஷிஃப்டர் போட்டால் நிம்மதி. எங்கட ஊர் உப்புக்காத்துக்குத் திறந்து கிடக்கிற இணைப்பு நாள்படத் தாங்காது, சோல்டர் பண்ணி மூடத்தான் வேணும்.

ஆனால் சப்ளையின் மறுபக்கம் 230 வோல்ட். இந்த வகைச் சப்ளைகள் பலவற்றில் அந்த ஆணிகள் வெளியே தெரியும். பிள்ளைகள் ஓடித் திரிகிற பந்தல் அது. அந்தப் பக்கத்தை நாங்கள் தொடவில்லை. வயரிங் வேலை தெரிந்த காக்கா ஒருவர்தான் எர்த்தோடு இணைத்து, பெட்டிக்குள் பூட்டித் தந்தார். வாப்பா சொன்னதில் சரியான பாதி இதுதான்.

பிழையான பாதி, "கலைப்பீடத்துக்கு இது எதுக்கு" என்பது. ஆர்டுயினோ 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் பிறந்தது. மின்னணுவியல் படிக்காத மாணவர்களுக்காகவே செய்த போர்டு அது. நம் நாட்டு வெசாக் பந்தல்களைப் பாருங்க. செப்புத் தகடு பதித்த உருளை சுழலச் சுழல ஆயிரக்கணக்கான குமிழ்கள் கோலம் போடும். அதுவும் நிரல்தான், எழுதியது உருளையில். அங்கே ஒவ்வொரு குமிழ்க் கூட்டத்துக்கும் தனி வயர் வேண்டும். இங்கே ஒரே டேட்டா வயர். வரிசையில் நிற்கிறவர் தன் பொதியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்தவருக்குக் கைமாற்றுவது போல, ஒவ்வொரு குமிழும் தன் 24 பிட்டை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடத்தும். 300 குமிழுக்கும் சொல்லி முடிக்க 9 மில்லி செக்கன் போதும். என்ன சொல்வது என்பதுதான் கேள்வி, அதற்குக் கதை தெரிந்தவர்களும் வேணும்.

"இதெல்லாம் வீண்விரயம்" என்று சொல்வோரும் உண்டு. அந்தக் கேள்வியை நாங்கள் மதிக்கிறோம். எங்கட 300 குமிழும் முழு வெள்ளையில் 90 வாட். கோடில் ஒரே வரியில் வெளிச்சத்தைக் கால்வாசியாக்கினோம், கண்ணுக்கு அதுவே அதிகம். மின்சாரம் ஏறத்தாழ 22 வாட்டுக்கு இறங்கியது. பந்தலில் வழக்கமாகத் தொங்குகிற 500 வாட் ஹலோஜன் ஒன்றோடு ஒப்பிட்டுப் பாருங்க. சிக்கனமும் எழுதக்கூடிய ஒன்றுதான்.

ரிமோட்டோடு வருகிற ரெடிமேட் கன்ட்ரோலரே பல வீடுகளுக்குப் போதும், மறுக்கவில்லை. ஆனால் அதில் உள்ளவை யாரோ எழுதிய ஓட்டங்கள். கலியாண இரவில் எங்கட ஸ்ட்ரிப் வாசலில இருந்து பந்தலுக்கு அலை வருகிற மாதிரி மெதுவாக ஓடியது. நீலம், பிறகு நுரை வெள்ளை. பெரிய வித்தை ஒன்றுமில்லை. "கடல் மாதிரி இருக்கு" என்று ராத்தாவின் உம்மம்மா சொன்னா. வாப்பா ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த நாள் பக்கத்து வீட்டாருக்கு எங்கட நம்பரைக் கொடுத்திருந்தார்.

செய்து பார்க்க நினைக்கிறவர்கள் ஸ்ட்ரிப் வாங்க முதல் ஒரு பேப்பரில் அம்பியர் கணக்கைப் போடுங்க. கோட் அதற்குப் பிறகு.