பறியைக் கவ்வும் பற்கள்: வாய் நலம் யாருடைய கவலை?

பழவேற்காடு ஏரியில் கையால் இறால் பிடிக்கும் பெண்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஆழமில்லாத தண்ணீரில் குனிந்தும் உட்கார்ந்தும் நகர்ந்துகொண்டே இரண்டு கைகளாலும் சேற்றைத் துழாவுவார்கள். விரலில் இறால் தட்டுப்பட்டதும் பிடித்துப் பறியில் போட வேண்டும். பனையோலையில் பின்னிய சின்னக் கூடைதான் பறி. கைகள் இரண்டும் தண்ணீருக்குள் இருக்கும்போது அதை எப்படிப் பிடித்துக்கொள்வது? பல்லில் கவ்விக்கொள்வார்கள். மணிக்கணக்கில், ஈரம் ஏறி இறால் சேரச் சேர கனம் கூடும் பறி, பல்லில்தான் தொங்கும்.

தோணிரேவுப் பக்கம் முதியோர் உதவித்தொகை மனுக்களை நிரப்பப் போன ஒரு நாள், ஒரு ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தோம். அவருக்கு மேல்வரிசையில் முன்பற்கள் இரண்டும் இல்லை.

"முன்னாடி ரெண்டும் போச்சு கண்ணு. இப்போ கடவாயில கவ்விக்கிறேன்" என்றார்.

"டாக்டராண்ட காட்டினீங்களா ஆயா?"

"பல்லுக்கெல்லாம் யாரு டாக்டராண்ட போவா? ஆடும், வலிக்கும், தானா விழும்."

எங்கள் கையில் ஒரு கணக்கெடுப்புப் படிவமும் இருந்தது. சர்க்கரை உண்டா, ரத்த அழுத்தம் உண்டா, மூட்டுவலி உண்டா என்று கேள்விகள். வாயைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. படிவத்தைத் தயாரித்தது வேறு யாருமில்லை, நாங்கள்தான். அன்றைக்கு எங்களுக்கு உறைத்ததைத்தான் இங்கே எழுதுகிறோம்.

பல்லும் பாடும்

பழவேற்காட்டின் 'பாடு' முறையைச் சமூகவியல் மாணவர்கள் படித்திருப்பீர்கள். ஏரியில் வலை கட்டும் இடங்களை முறை வைத்து, சீட்டுப் போட்டுப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு. பொதுவளத்தை மக்களே கட்டுப்பாட்டோடு காத்த முன்மாதிரி என்று வகுப்பறையில் பாராட்டுவார்கள். முதுகலை படித்தபோது நாங்களும் அப்படித்தான் தேர்வில் எழுதினோம், மதிப்பெண்ணும் வாங்கினோம்.

அந்தச் சீட்டில் யார் பெயர் இருக்கும் என்பதைப் பிறகுதான் கேட்டோம். பாடு உரிமை மரபாகப் பட்டினவர் சமூகத்துக்குள் பிறப்பால் வருவது. தலித் மீனவருக்கும் இருளருக்கும் அதில் இடமில்லை. நல்ல இடத்தில் வலை கட்ட முடியாதவருக்கு மிஞ்சுவது ஓரத்துத் தண்ணீர், சின்ன வலை, அல்லது வெறும் கை. வெறும் கையால் பிடித்தால் பறி பல்லுக்கு வருகிறது. ஆயாவின் முன்பற்கள் விழுந்த கதையை அவர் வாயிலிருந்து தொடங்கினால் போதாது, ஏரியைப் பங்கிட்ட கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

பட்டினவர் மீனவர்கள் நம் எதிரிகள் என்று சொல்லவில்லை. முகத்துவாரம் தூர்ந்து போவதும், எண்ணூர், காட்டுப்பள்ளிப் பக்கம் அனல்மின் நிலையங்களும் துறைமுகங்களும் பெருகியதும் அவர்களையும் சேர்த்தே வறுமையில் தள்ளுகின்றன. ஆனால் ஒரே ஏரியில் ஒரே வறுமையிலும் யார் வலையோடு நிற்கிறார், யார் கூடையைக் கடித்துக்கொண்டு நிற்கிறார் என்பதைச் சாதிதான் முடிவு செய்கிறது.

ஊசியைப் பல்லில் பிடிக்கும் தையல்காரருக்கும், ஆணியைப் பல்லில் வைத்துக்கொள்ளும் தச்சருக்கும் முன்பல் தேய்ந்து பள்ளம் விழுவது பல் மருத்துவம் படிப்பவர்களுக்குத் தெரிந்த செய்தி. தொழிலால் வரும் பல் சேதம் என்று அதைப் பாடத்திலேயே சொல்வார்கள். பறியைக் கவ்வும் பெண்ணின் பல் மட்டும் 'சுத்தமில்லாததால்' விழுந்ததாகிவிடுகிறது.

பிரஷ் கொடுத்த கதை

நாங்களும் ஒருமுறை பல் மருத்துவ முகாம் நடத்தினோம். காலை 10 மணிக்குத் தொடக்கம். பேனர் கட்டி, நாற்காலி போட்டு, பற்பசையும் பிரஷும் கொடுத்தோம். குழந்தைகள் வரிசையில் நின்றார்கள், படம் எடுத்தோம். அந்த நேரத்தில் பெரியவர்கள் ஏரியில் இருந்தார்கள். அவர்கள் கரையேறி வந்தபோது மருத்துவர் கிளம்பிவிட்டிருந்தார். பறி கவ்வும் ஒரு வாயைக்கூட யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஒரு நாளைக்கு இரண்டு முறை பல் தேய்க்கச் சொல்வதில் தவறில்லை. ஆனால் அதோடு நிறுத்தினால் குற்றம் முழுவதும் பாதிக்கப்பட்டவர் தலையில் விழுகிறது. பல் ஆடத் தொடங்கியவர் பொன்னேரிக்குப் பேருந்து ஏற வேண்டும். ஒரு நாள் பிடிப்பு போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். சிகிச்சை செய்தால் பல்லைக் காப்பாற்ற வாய்ப்புண்டு, ஆனால் பலமுறை போய்வர வேண்டும். பிடுங்கிவிட்டால் ஒரே நாளில் முடிந்தது. ஏழைகள் பல்லைக் காப்பாற்ற ஆசைப்படுவதில்லை என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

வாய்நோய்களால் பாதிக்கப்பட்டோர் உலகில் சுமார் 350 கோடிப் பேர் என்றது உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை. அவர்களில் நான்கில் மூவர் நடுத்தர வருமான நாடுகளில் இருப்பவர்கள். இத்தனை கோடிப் பேரும் பல் தேய்க்க மறந்தவர்களா?

திறந்து பார்த்தால் பிழைக்கும் உயிர்

பல் விழுவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. குளிர்ந்த தண்ணீரில் வெறும் வயிற்றோடு மணிக்கணக்கில் நிற்பவருக்குப் பசியையும் குளிரையும் மறக்கடிப்பது வெற்றிலையோடு புகையிலை, மாவா, பாக்கெட் புகையிலை. குட்கா, பான் மசாலாவுக்கு 2013 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. கடையில் கேட்டால் கிடைக்கவும் செய்கிறது. இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய். உலகில் புதிதாகக் கண்டறியப்படும் வாய்ப்புற்றுநோயாளிகளில் மூன்றில் ஒருவராவது இந்தியர்.

இந்த நோய்க்கு ஒரு குணம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் தொடங்குகிறது. வெள்ளைத் திட்டு, சிவந்த திட்டு, ஆறாத புண். ஒரு டார்ச் லைட் அடித்துப் பார்த்தாலே சந்தேகப்படலாம். திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996இல் தொடங்கிய பெரிய ஆய்வு ஒன்று இதை நிரூபித்தது. மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய் மரணம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2005இல் 'லான்செட்' இதழில் முடிவு வெளியானது.

2016இல் ஒன்றிய அரசின் வழிகாட்டுதலும் வந்துவிட்டது. 30 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை வாய்ப் பரிசோதனை. நடந்ததா? 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுக்குள் வாழ்நாளில் ஒருமுறையாவது வாய்ப்புற்றுநோய்ப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் பெண்களில் 0.9 சதவீதம், ஆண்களில் 1.2 சதவீதம். நூறு பேரில் ஒருவர். தமிழ்நாடு அரசு 2023 நவம்பரில் ஈரோடு, ராணிப்பேட்டை, கன்னியாகுமரி, திருப்பத்தூர் மாவட்டங்களில் புற்றுநோய்ப் பரிசோதனையைத் தொடங்கியது நல்ல செய்தி. அதில் வாயும் உண்டு. அது ஏரிக்கரைக்கு எப்போது வரும், எந்த நேரத்தில் வரும் என்பதே நம் கேள்வி.

எச்சில்

டார்ச் லைட்டும் பயிற்சியும் மட்டும் போதுமா? வாயைத் திறக்கச் சொல்பவர் யார், திறப்பவர் யார் என்பதும் இருக்கிறது.

தீண்டாமையின் மையத்தில் வாய்தான் இருக்கிறது, தோழர்களே. இரட்டைக் குவளை எதற்காக? நம் உதடு பட்ட குவளையில் இன்னொருவர் குடிக்கக் கூடாது என்பதற்காக. எச்சில் என்ற ஒரு சொல்லுக்குள் எத்தனை நூற்றாண்டு அவமானத்தை அடைத்து வைத்திருக்கிறார்கள்! ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை கட்டினால் போதும். பல் பார்க்க வேண்டுமென்றால் விரலை வாய்க்குள் விட வேண்டும்.

எங்களோடு வந்த ஒரு அக்கா சொன்னது மறக்கவில்லை. ஒரு மருத்துவமனையில் வாயைத் திறந்ததும், தொடாமல் தள்ளி நின்றே "புகையிலையா?" என்று கேட்டு, மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்களாம். அது சாதியா, அவசரமா, அருவருப்பா என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு அவர் எந்த மருத்துவரிடமும் வாயைத் திறக்கவில்லை. பொதுச் சுகாதாரக் கணக்கில் அவர் 'சிகிச்சைக்கு வராதவர்'.

பல்லைக் காட்டி மறுக்கப்பட்ட வேலை

பல் போனால் சொல் போச்சு என்பார்கள். வேலையும் போகும். 2022 டிசம்பரில் கேரளத்தில் நடந்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பழங்குடியினருக்கான சிறப்பு நியமனத்தில் வனத்துறைப் பணிக்குத் தேர்வெழுதி, உடல்தகுதித் தேர்விலும் வென்ற அட்டப்பாடி இளைஞருக்கு, பல் துருத்திக்கொண்டிருக்கிறது என்ற காரணத்தால் வேலை மறுக்கப்பட்டது. சின்ன வயதில் கீழே விழுந்ததால் வந்த குறை, சரிசெய்யப் பணமில்லை என்றது குடும்பம். குழந்தையாக இருந்தபோது சிகிச்சை தராத அதே அரசு, வளர்ந்து வந்தபின் பல்லைக் காரணம் காட்டியது. இடஒதுக்கீடு திறந்த கதவை ஒரு பல் மூடிவிட்டது. வாய் நலத்தை 'அழகு' என்று ஒதுக்குபவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

என்ன கேட்கப் போகிறோம்?

அரசு நினைத்தால் பல்லைப் பொதுப் பிரச்சினையாக எடுத்துக்கொள்ளும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃப்ளோரைடு மிகுந்த நிலத்தடி நீரால் குழந்தைகளின் பற்கள் பழுப்பேறின, எலும்புகளும் பாதிக்கப்பட்டன. அங்கே பற்பசை கொடுத்து அரசு ஒதுங்கிவிடவில்லை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரி நீரைக் கொண்டுவந்தார்கள், 2013இல் அது தொடங்கிவைக்கப்பட்டது. பல்லைக் கெடுத்த சூழலைத்தான் மாற்றினார்கள். ஏரிக்கரைக்கும் அதே நியாயம் வேண்டும்.

1. மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வரும் பணியாளர் கையில் ரத்த அழுத்தக் கருவியோடு ஒரு டார்ச் லைட்டும், அதற்கான பயிற்சியும் இருக்க வேண்டும். அந்தந்த ஊர்ப் பெண்களே, தலித், இருளர் பெண்களே அந்தப் பணியில் இருக்க வேண்டும்.

2. பல் மருத்துவர் வரும் நாளும் நேரமும் ஏரியின் நேரத்தைப் பார்த்து முடிவாக வேண்டும். காலை 10 மணி முகாம் நமக்கு வேண்டாம்.

3. கையால் இறால் பிடிக்கும் பெண்கள் எல்லோரும் மீனவர் நல வாரியத்தில் பதிவு பெற வேண்டும். பறியால் போன பல்லைத் தொழில் பாதிப்பாகக் கணக்கிட்டு, பல்செட் இலவசமாகத் தர வேண்டும்.

4. எல்லாவற்றுக்கும் அடியில், ஏரியில் சம உரிமை. அது கிடைக்காதவரை புதுப் பல் கட்டினாலும் அதிலும் பறிதான் தொங்கும்.

மாணவர்களுக்கு ஒரு வேலை வைத்திருக்கிறோம். உங்கள் வட்டாரத்தில் 30 வயதைக் கடந்தவர்களில் எத்தனை பேருக்குக் கடந்த ஆண்டு வாய்ப் பரிசோதனை நடந்தது என்று, 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். குடியிருப்பு வாரியாகக் கேளுங்கள். ஊருக்கு எத்தனை, காலனிக்கு எத்தனை என்று தெரியட்டும். பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

எங்கள் படிவத்தில் இப்போது வாய்க்கு ஒரு பக்கம் சேர்த்திருக்கிறோம். முதல் கேள்வி "பல் தேய்க்கிறீர்களா?" அல்ல. "பல்லால் என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்கிறோம். ஆயாவிடம் மறுபடி போய் அதைக் கேட்டபோது அவர் சிரித்தார், வாயை மூடிக்கொண்டு.

ஜெய் பீம்.