எறும்பூரக் கல்லும் தேயும், இரத்தக் குழாய்?

எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கணக்குப் பாடத்துக்கு அது பொருந்தும். மூளையின் இரத்தக் குழாய்க்குப் பொருந்துமா?

மூளைத் தமனி ஒன்றை இரத்தக் கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கு அப்பால் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் கிடைக்காது. பக்கவாதங்களில் பெரும்பாலானவை இவ்வகையே. அடைபட்டது பெரிய தமனியானால், தொடைத் தமனி வழியாக மெல்லிய குழாய் ஒன்றை மூளைவரை செலுத்தி, கம்பி வலையால் கட்டியைப் பற்றி வெளியே இழுக்கிறார்கள். இம்முறையின் பயனை 2015இல் வெளியான ஐந்து ஆய்வுகள் நிலைநாட்டின.

ஆனால் கட்டி எப்போதும் முதல் இழுப்பிலேயே வந்துவிடுவதில்லை. 2018இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், 354 நோயாளிகளில் 89 பேருக்கே முதல் இழுப்பில் குழாய் முற்றிலும் திறந்தது. மூன்று மாதங்களுக்குப் பின் இவர்களில் நூற்றுக்கு 61 பேர் பிறர் உதவியின்றி வாழ்ந்தனர். மற்றவர்களில் நூற்றுக்கு 35 பேரே.

காரணம் என்ன? ஒவ்வொரு இழுப்பும் குழாயின் உட்சுவரை உராய்கிறது. கட்டி சிதறி அப்பால் போய் அடைக்கலாம், இரத்தம் கசியலாம், நேரமும் போகிறது. இங்கே தேய்வது கல் அன்று, குழாய்!

அப்படியானால் மறுமுறை முயல்வதே தவறா? அவசரப்படாதீர்கள். இறுகிய கட்டிக்குத்தான் பல இழுப்புகள் தேவைப்படும். தீங்கு செய்தது இழுப்பா, கட்டியா என்று பிரித்தறிவது எளிதன்று. இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது. பலமுறை முயன்று திறப்பதும், அடைத்தபடியே விடுவதைவிடப் பொதுவாக நல்லதே. எப்போது நிறுத்துவது என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நாம் எண்ண வேண்டியவை இழுப்புகள் அல்ல, நிமிடங்கள் என்பதே என் கருத்து. பெரிய தமனி அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 இலட்சம் நியூரான்கள் மடிவதாக 2006இல் கணக்கிட்டார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலிருந்து சென்னை ஏறத்தாழ 45 கிலோமீட்டர். பயணம் ஒரு மணி நேரம் என்று கொண்டால் இழப்பு எவ்வளவு? பெருக்கிப் பாருங்கள்: 11 கோடியே 40 இலட்சம்! சாலையை நாம் சுருக்க முடியாது. புறப்படுமுன் வீணாகும் நேரத்தைச் சுருக்கலாம் அல்லவா?

இரவு ஷிப்டு முடிந்து வந்த அப்பாவின் வாய் திடீரென ஒருபுறம் கோணினால், ஒரு கை துவண்டால், பேச்சு குழறினால், "அசதிதான், தூங்கினால் சரியாகும்" என்று விட்டுவிடாதீர்கள். உடனே 108ஐ அழையுங்கள். அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். நான்கரை மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க முடிந்தால், தகுந்தவர்களுக்குக் கட்டியைக் கரைக்கும் மருந்தும் கொடுக்கலாம். தண்ணீரோ மாத்திரையோ நீங்களாகக் கொடுக்காதீர்கள். அடைப்பா, இரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பின்பே தெரியும்.

பக்கத்து வீட்டில் தங்கியிருக்கும் ஒடிசா தொழிலாளிக்கு இது நேர்ந்தாலும் தயங்காதீர்கள். அவர் மொழி உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். கோணிய வாயைக் கண்டுகொள்ள மொழி வேண்டாம்.