வைக்கோல் பிரி போதும், கத்தி முனை வேண்டாம்

வில்வித்தை பழக டார்கெட் வாங்கவே ஆயிரக்கணக்கில் செலவாகுதுன்னு பட்டணத்து நண்பர்கள் புலம்புறாங்க. எதுக்குங்க அவ்வளவு? களத்துல வைக்கோல் போர் கிடக்குதே!

கையால அறுத்து அடிச்ச நீள வைக்கோலா பாருங்க. மெஷின் அறுத்தது துண்டு துண்டா இருக்கும், ஆகாது. தடிமனா பிரி முறுக்கி, வட்டமா இறுக்கிச் சுத்தி, கோணி ஊசியில சணல் கோத்துத் தைச்சிடுங்க. நாலடி அகலம் தாராளம். ஒலிம்பிக்கில் 70 மீட்டர் தூரத்துக்கு வைக்கும் வட்டமே 122 செ.மீ. தான். அம்பைப் பிடிச்சு நிறுத்துறது உராய்வு. அதனால எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது. பின்னால மண்மேடு கட்டாயம்.

“கத்தி முனை அம்பைத் தாங்குமா?” என்பது அடுத்த கேள்வி. தாங்காது, பிரி அறுந்துடும். அதுக்கும் மலிவா ஒரு வழி கேட்டா, சொல்ல மாட்டேன். போட்டியில் அந்த முனைக்கு இடமே கிடையாது. உடம்பைக் கிழிச்சு ரத்தம் வடியவைக்கத்தான் அது.

“காட்டுப்பன்றி உங்க கடலையைத் தானே தோண்டுது?” என்று எனக்காகப் பரிஞ்சு பேசாதீங்க. நஷ்டம் என்னோடது, உங்க ஞாயித்துக்கிழமை விளையாட்டுக்கு அது சாக்கு இல்லை. அனுமதி இல்லாத வேட்டை, 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அம்பு பட்ட பன்றி அங்கேயே விழாது, வெறி பிடிச்சு ஓடும். எதிரே களையெடுக்கிற பொம்பளைங்க நிப்பாங்க. அவங்களுக்கு யார் பொறுப்பு?

குறி பார்த்துப் பழகணுமா, வாங்க. வைக்கோல் நான் தர்றேன்.