இரண்டு தீக்குச்சிகள்

பள்ளிக்கூட விடுமுறை வந்துவிட்டால் ஆசிரியர் வீட்டில் இரண்டு வேலைகள் தலையெடுக்கும். ஒன்று விடைத்தாள் திருத்துவது. மற்றையது, தவணை முழுவதும் "விடுமுறையிற் பார்ப்போம்" என்று ஒத்திவைத்த வீட்டு வேலை. இந்த ஆவணி விடுமுறையில் எம் இல்லத்தில் இரண்டாவதன் முறை வந்தது. மகளின் புத்தகங்கள் கட்டிலையும் கதிரையையும் பிடித்துக்கொண்டு மனிதருக்கு இடம்விடாத நிலையை அடைந்துவிட்டமையால், சுவரில் ஓர் இறாக்கை அடித்துத் தரும்படி மனைவியின் உத்தரவு பிறந்தது.

வேப்பம் பலகை வீட்டில் இருந்தது. மாமனார் விட்டுப்போன துளையிடும் பொறியும் இருந்தது. ஊர் வழக்கில் அதனை 'றில் மெசின்' என்பர். பழைய காலத்துப் பொறியாதலால் உடல் முழுவதும் உலோகம். தூக்கிப் பிடித்தால் தோள் வலிக்கும். அதன் பிளக்கு எப்போதோ உடைந்துவிட்டது. புதியதொன்று வாங்க நினைத்து மறந்த காலம் ஓராண்டுக்கு மேலாகும். ஆகவே நான் கையாண்ட உபாயத்தை எழுதவே கை கூசுகிறது. வயரின் இரு முனைகளையும் உரித்து, எம் பழைய வீட்டுச் சுவரிலுள்ள உருளைத் துவாரங்களிற் செருகி, அவை நழுவாதிருக்க இரண்டு தீக்குச்சிகளை முறித்து இறுக்கினேன். மூன்றாவதான பச்சை வயர் போவதற்கு இடமின்றி வெளியே மடிந்து கிடந்தது. இரண்டு துளைகளும் இட்டாயிற்று.

அவ்வேளையில் வாசலில் ஒரு குரல் கேட்டது. என்னிடம் முன்னர்ப் படித்த மாணவர் ஒருவர் தம் குடிபூரலுக்கு அழைப்பிதழ் கொண்டு வந்திருந்தார். இன்று அவர் சொந்தப் பட்டறை வைத்திருக்கும் தச்சுத் தொழிலாளி. விஞ்ஞான பாடத்தில் என்னிடம் அவர் பெற்ற புள்ளி முப்பதைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை. உள்ளே வந்தவர் அழைப்பிதழை நீட்டவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"சேர், இது ஆர் செருகினது?"

"நான்தான், தம்பி. ஐந்து நிமிட வேலைதானே."

"பச்சை வயர் வெளியில கிடக்குது, சேர். இதை நீங்கள்தான் எங்களுக்குக் கரும்பலகையில படம் கீறிப் படிப்பிச்சனீங்கள்."

இருபது ஆண்டுகளாக வருடந்தோறும் நான் கீறும் படம் அது. பொறியின் உள்ளே ஒரு கம்பியின் உறை தேய்ந்து அக்கம்பி உலோக உடலைத் தொட்டுவிட்டால், பச்சை வயர் முறையாக இணைந்திருக்கும்போது மின்சாரம் அவ்வழியாக நிலத்துக்குப் பாயும். பியூஸ் எரிந்து பொறி நின்றுவிடும். பச்சை வயர் இணையாவிடின், பொறியைப் பிடித்திருப்பவரின் உடலே மின்சாரம் நிலத்துக்குச் செல்லும் வழியாகும். "பியூஸ் இருக்கிறதே!" என்று பலர் ஆறுதல் கொள்வர். கணக்கைப் பாருங்கள். நம் நாட்டு வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. வியர்த்த கையும் வெறுங்காலுமாக ஈர நிலத்தில் நிற்பவரின் உடற்றடையை ஏறத்தாழ 1000 ஓம் என்று கொள்ளலாம். அப்போது உடலூடு பாய்வது 0.23 அம்பியர். 5 அம்பியர்ப் பியூஸுக்கு இது ஒரு பொருட்டே அன்று. மனித இருதயத்துக்கோ இதில் அரைப்பங்கும் மிகை. 10 மில்லியம்பியர் அளவிலேயே கைத்தசை இறுகிவிடுவதால், பிடித்த பொருளை விட நினைத்தாலும் விட முடியாது. பியூஸ் என்பது வயரைக் காப்பதற்கு வைத்தது. ஆளைக் காப்பதற்கு அன்று.

ஆளைக் காப்பது இப்போது வீடுகளிற் பொருத்தப்படும் 'ரிப் சுவிச்' ஆகும். போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் 30 மில்லியம்பியர் வேறுபட்டாற் போதும், கண்ணிமைக்கும் நேரத்தில் அது இணைப்பைத் துண்டித்துவிடும். அதிலே ஒரு சிறு பரிசோதனைப் பொத்தான் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் அதனை அழுத்திப் பாருங்கள். விழவில்லையெனில் அது சுவருக்கு அலங்காரமேயன்றி வேறில்லை. ஆனால் ஒருவர் ஒரு கையால் ஒரு கம்பியையும் மறு கையால் மற்றக் கம்பியையும் தொட்டால், இக்காவலனுக்கும் அது தெரியாது.

புதிய பொறிகள் சிலவற்றின் வயரில் இரண்டு கம்பிகளே இருக்கக் கண்டு சிலர் ஐயுறுவர். அப்பொறியின் பெயர்த்தகட்டைப் பாருங்கள். சதுரத்துள் ஒரு சதுரம் வரைந்திருந்தால், அது இரட்டைக் காப்புடையது. அதற்கு நிலத்தொடுப்பு வேண்டா. அக்குறியில்லாத உலோகப் பொறிக்கு மூன்றாவது கம்பி இன்றியமையாதது. பழைய வயர்களில் சிவப்பும் கறுப்பும் பச்சையுமாக இருந்த நிறங்கள், இப்போது முறையே மண்ணிறமும் நீலமும் பச்சை மஞ்சள் வரியுமாக மாறியிருக்கின்றன. பழையதோடு புதியதைப் பொருத்துவோர் இதனை மறந்துவிடலாகாது.

மாணவர் தீக்குச்சிகளைப் பிடுங்கினார். அதற்கு முன்னர் சுவிச்சை நிறுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். அப்போதுதான் அவருடைய இடக்கைச் சுட்டுவிரலைக் கண்டேன். நகமும் நுனியும் இல்லை.

"கிறைண்டர், சேர்" என்றார்.

சமையலறைக் கிறைண்டர் அன்று. இரும்பும் ஓடும் வெட்டுகின்ற, கையிற் பிடிக்கும் கிறைண்டர். வேலை பழகிய காலத்தில் வேறொருவர் பட்டறையில், காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, மரம் வெட்டும் பல்லுத் தட்டை அதிலே பூட்டிக் கொடுத்தார்களாம். "ஒரு கணமும் இல்லை, சேர். மரம் தட்டைப் பிடிச்சுது, மெசின் துள்ளிச்சுது. விரல் போனது பிறகுதான் தெரிஞ்சுது."

இந்த வழக்கம் இன்றும் ஊரெங்கும் உண்டு. ஒரே பொறியால் எல்லாவற்றையும் வெட்டிவிடலாம் என்ற சிக்கனமே இதற்குக் காரணம். மரம் வெட்டும் வட்ட வாளுக்கு அகன்ற அடித்தகடும், தானே மூடிக்கொள்ளும் காப்பும், இரு கைப்பிடிகளும் உண்டு; சுழற்சியும் நிமிடத்துக்கு 5,000 அளவிலேயே. கிறைண்டரோ நிமிடத்துக்கு 11,000 தரம் சுழல்வது. மரத்தின் பிளவு சற்றே நெருங்கித் தட்டை இறுக்கினால், அந்த வேகம் முழுவதும் பொறியையே தூக்கி வெட்டுபவர் மீது எறியும். கிறைண்டரிற் பல்லுத் தட்டைப் பூட்டாதீர்கள். இதிலே சமரசத்துக்கு இடமில்லை.

அந்த வேகம் எத்தகையது என்பதை அன்றிரவு தாளிற் போட்டுப் பார்த்தேன். நாலங்குலத் தட்டின், அதாவது 100 மில்லிமீற்றர்த் தட்டின், சுற்றளவு 314 மில்லிமீற்றர். 11,000 ஆற் பெருக்கினால் நிமிடத்துக்கு 3,454 மீற்றர். மணிக்கு 207 கிலோமீற்றர். யாழ்தேவி கனவிலும் காணாத வேகம்! இவ்வகை வெட்டுத் தட்டுகள் தாங்கும் எல்லை செக்கனுக்கு 80 மீற்றர். மணிக்கு 288 கிலோமீற்றர். ஆகவே உரிய தட்டைப் பூட்டும்வரை இடர் இல்லை. ஆனால் சிலர் காப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, "கொஞ்சம் ஆழமாக வெட்டும்" என்று ஏழங்குலத் தட்டை அதே பொறியிற் பூட்டுகிறார்கள். அதன் விளிம்பு மணிக்கு 373 கிலோமீற்றர் வேகத்திற் சுழலும். அத்தட்டிலேயே 8,500 சுற்றுக்கு மேல் ஓட்டாதே என்று அச்சிட்டிருக்கும். சிதறும் துண்டு எங்கே போகும் என்பதைத் தீர்மானிப்பது அந்தக் காப்புத் தகடுதான். அதைத்தான் முதலிற் கழற்றி மூலையில் எறிகிறோம்.

தட்டின் நடுவேயுள்ள உலோக வளையத்தில் மாதமும் ஆண்டும் பொறித்திருப்பதைப் பலர் காண்பதில்லை. அது காலாவதித் திகதி. தட்டு பிசினாற் கட்டுண்டது. மாரி ஈரத்திற் கிடந்தால் வலுக்குன்றும். கீழே விழுந்த தட்டையும் பூட்டலாகாது. புதுத் தட்டைப் பூட்டியதும், ஆட்கள் இல்லாத பக்கம் திருப்பி, ஒரு நிமிடம் வெறுமனே ஓட விட்டுப் பார்ப்பது தொழிலாளர் வழக்கம். தட்டு சுழலும் தளத்துக்கு நேரே நில்லாது சற்று விலகி நிற்பதும் அவ்வழக்கத்தைச் சேர்ந்ததே. விசையை விட்ட பின்னரும் தட்டு சில விநாடி சுழன்றுகொண்டே இருக்கும். நிற்குமுன் மடியருகே கொண்டுவருவோர் பலர்.

துளையிடும் பொறிக்கு இத்துணைக் கோபம் இல்லை. எனினும் அதன் அலகு சுவரில் இறுகிவிட்டால், அலகுக்குப் பதிலாகப் பொறி சுழல முயலும், மணிக்கட்டு முறியும். பெரிய பொறிகளுக்குப் பக்கப்பிடி கொடுத்திருப்பது இதற்காகவே. சக்குத் திறப்பைக் கழற்றாது விசையை அழுத்துவதும், சாரத் தலைப்போ, சால்வையோ, அவிழ்ந்த கூந்தலோ தொங்க நின்று வேலை செய்வதும் ஆபத்து. கையுறை நல்லது என்று நினைப்போம். சுழலும் அலகின் அருகே அதுவே கையை இழுத்துச் செல்லும் கயிறு. சுவரிலே சுவிச்சுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் மறைவாக வயர் ஓடியிருக்கும் என்று கொண்டே துளையிட வேண்டும்.

கைத்துப்பாக்கி போன்ற பிடியும், விரலால் அழுத்தும் விசையும் கொண்ட துளைபொறிக்கு அமெரிக்காவிலே பிளாக், டெக்கர் என்னும் இருவர் 1917ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்றனர். விரல் தளர்ந்தால் பொறி நிற்கும் என்பதே அவ்வமைப்பின் பெரிய நன்மை. நாமோ விரல் வலிக்கிறதென்று பூட்டுப் பொத்தானை அழுத்தி விடுகிறோம். 2022ஆம் ஆண்டில் மணிக்கணக்காக மின்சாரம் வெட்டப்பட்ட நாட்கள் நினைவிருக்கலாம். வேலை நடுவே மின்சாரம் நின்றதும், பூட்டிய நிலையிலேயே பொறியை மேசையில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனால், மின்சாரம் திரும்பும்போது அது ஆளின்றித் தானே துள்ளி ஓடும். வீட்டிலே குழந்தைகள் இருந்தால் என் செய்வது? மின்சாரம் நின்றாலும் சரி, வாசலில் யாரேனும் கூப்பிட்டாலும் சரி, அலகு மாற்றினாலும் சரி, முதல் வேலை பிளக்கைப் பிடுங்குவது. மின்கலத்தில் ஓடும் புதிய பொறிகளுக்கு மின்கலத்தைக் கழற்றி வைப்பது.

தூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓடும் கல்லும் வெட்டும்போது எழும் நுண்தூசி நெஞ்சுக்கு நஞ்சு. நம் வீட்டுக் கூரைகளிற் காணும் அஸ்பெஸ்ரஸ் தகட்டைக் கிறைண்டரால் வெட்டுவது அதனினும் கொடியது. அதன் நார் நுரையீரலிற் புகுந்து பல பத்தாண்டுகளின் பின் நோயாக வெளிப்படும். தகட்டை நனைத்துவிட்டுக் கைவாளால் அறுப்பது தாமதமான வேலைதான். தாமதிக்கட்டும். அதற்காக ஓடுகின்ற கிறைண்டருக்குத் தண்ணீர் தெளிக்கத் தொடங்கிவிடாதீர்கள். நீரோடு வேலை செய்வதற்கென்றே அமைந்த பொறிகள் வேறு.

பராமரிப்பு என்பது பெரிய வித்தை அன்று. வயர் பொறிக்குள் நுழையும் இடத்தை ஒவ்வொரு முறையும் வளைத்துப் பார்ப்பது; காற்றுத் துவாரங்களில் அடைத்த தூளை உலர்ந்த தூரிகையாற் தட்டுவது; மழுங்கிய அலகைத் தீட்டுவது அல்லது மாற்றுவது. பொறியின் உள்ளே காபன் பிரஷ் என்னும் இரு சிறு கரித்துண்டுகள் தேய்ந்துகொண்டே இருக்கும். துவாரத்தினூடே சிறு நீலப் பொறி தெரிவது இயல்பு. பெருந்தீப்போல் வளையமாகச் சுற்றினாலோ, கருகும் மணம் வந்தாலோ நிறுத்திவிட்டு, இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். நீண்ட வயர்ச் சுருளைப் பயன்படுத்துவோர் முழுவதையும் அவிழ்த்து விடுதல் வேண்டும். சுருண்டபடி பாரமான பொறியை ஓட்டினால் உள்ளே சூடேறி உறை உருகும். வெள்ளத்தில் நனைந்த பொறியை வெயிலிற் காயவைத்தோம் என்று நம்பி உடனே செருகாது, தெரிந்தவரிடம் திறந்து காட்டுங்கள். அடுத்த மாதம் ஆயுத பூசைக்குச் சந்தனம் பூசும்போதாவது வயரை ஒரு முறை தடவிப் பார்க்கலாம்.

இல்லத்தரசிகட்கு ஒன்று. மின்சாரம் பிடித்தவரைக் கண்டால், பாசம் கையை நீட்டச் சொல்லும். நீட்டாதீர்கள், மெயின் சுவிச்சை நிறுத்துங்கள். அது எங்கே இருக்கிறது என்பதை இன்றே பிள்ளைகளுக்கும் காட்டி வையுங்கள். எட்டாத இடத்தில் இருந்தால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த தடியால் வயரைத் தள்ளலாம்.

மிகுதி இரண்டு துளைகளையும் மாணவரே இட்டார். மோட்டார் சைக்கிளிற் சென்று பிளக்கு வாங்கிவந்து, பச்சை வயரை உரிய இடத்திற் பூட்டிய பிறகு. அலகு சுவரைத் தொடுமுன் தம் பையிலிருந்து கண்காப்பு ஒன்றை எடுத்து என் மூக்குக்கண்ணாடிக்கு மேல் அணிவித்தார். "உங்கட கண்ணாடி படிக்கிறதுக்கு, சேர். பக்கத்தால தூள் பூரும்" என்றார். தமக்கு வேறொன்று இருப்பதாகச் சொன்னார். ஆனால் கண்களைச் சுருக்கிக்கொண்டுதான் துளையிட்டார்.

இறாக்கை நிமிர்ந்து நிற்கிறது. புத்தகங்கள் ஏறிவிட்டன. கண்காப்பு இன்னும் எம் வீட்டில்தான் கிடக்கிறது. வருகிற புதன்கிழமை குடிபூரல். மறவாது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.