விளையாடாத ஆள் பழக்கலாமா?

போன மாதம் எங்களுக்குள்ள ஒரு சின்னச் சண்டை. ஜியு-ஜிட்சு வீடியோ ஒண்டைச் சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மெத்தையில் இருந்து மெதுவான குரலில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்த மொட்டைத்தலை மனிதரைக் காட்டி ஒருத்தர் கேட்டார்: "இந்தாளுக்குப் போட்டி வாழ்க்கை எண்டு ஒண்டுமே இல்லையாம். பிறகு என்னத்துக்கு இவற்ற கதையை எல்லாரும் கேக்கினம்?"

அந்த மனிதர் ஜோன் டனஹர். கேள்வி நல்ல கேள்விதான். ரெண்டு பிளேன்ரீ குடிச்சு முடிச்சும் சண்டை முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம். பிறந்தது 1967இல் அமெரிக்காவில், வளர்ந்தது நியூசிலாந்தில். சிறு வயதில் ரக்பி விளையாடி முழங்காலில் பட்ட அடியும் பிறகு நடந்த சத்திரசிகிச்சையும் அந்தக் காலை நிரந்தரமாகக் கெடுத்துவிட்டன. 1991இல் தத்துவத்தில் முனைவர் பட்டம் செய்யவென்று நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். படிப்புக்குப் பக்கத்தில் இரவில் கிளப் வாசலில் காவல் வேலை. 1990களின் நடுப்பகுதியில் ரென்ஸோ கிரேசியின் பள்ளிக்குள் வெள்ளைப் பட்டியோடு நுழைந்தார். அப்போது அவருக்கு வயது இருபதுகளின் கடைசி. நாங்கள் "இனி என்னத்தைப் பழகிறது, வயசு போட்டுது" எண்டு சொல்லிக்கொள்கிற வயது. 2002இல் கறுப்புப் பட்டி. முனைவர் பட்டம் முடியவில்லை.

அவர் பழக்குநர் ஆனதும் பெரிய திட்டம் போட்டு இல்லை. ரென்ஸோவின் மூத்த மாணவர்களான மற் செரா, ரிக்கார்டோ அல்மெய்டா போன்றவர்கள் தங்கட சொந்தப் பள்ளிகளைத் திறக்க வெளிக்கிட்டபோது வகுப்பெடுக்க ஆள் தேவைப்பட்டது. நின்றவர் டனஹர். பிறகு கிட்டத்தட்ட இருபது வருசம் மன்ஹட்டனின் அந்த நிலக்கீழ் அறையில், நீல மெத்தைகளில், காலையிலிருந்து இரவு வரை வகுப்பு. ஞாயிறு, நத்தார் எண்டு பார்க்காத ஆள் எண்டு பேர். கனடாவின் ஜோர்ஜ் சென் பியர், உலகப் பேர் எடுக்க முதலே மொன்றியலில் இருந்து பஸ் பிடித்து அங்க வந்து பழகினவர். 2017 நவம்பரில் நான்கு வருச ஓய்வுக்குப் பிறகு திரும்பி வந்து மைக்கேல் பிஸ்பிங்கின் கழுத்தை நெரித்து அவர் இரண்டாவது எடைப்பிரிவிலும் யுஎஃப்சி பட்டத்தை எடுத்தபோது, பின்னால் நின்றவர்களில் டனஹரும் ஒருவர்.

ஆனால் எங்களுக்குள் சண்டை வந்தது சென் பியரால் இல்லை, கால் பூட்டுகளால்.

அந்தக் காலத்து பிரேசிலியன் ஜியு-ஜிட்சுவில் காலைப் பிடிக்கிறது ஒரு மட்டமான வேலை. "முதலில் நிலை, பிறகுதான் பூட்டு" என்பது கிரேசிகளின் அடிப்படைப் பாடம். மேலே ஏறி இருந்து, எதிராளியை அமுக்கி, பிறகு கையையோ கழுத்தையோ எடுக்கவேண்டும். காலுக்குப் பாய்ந்தால் கிடைத்த நிலையும் போய்விடும், தோல்விப் பயத்தில் குறுக்குவழி தேடுகிற ஆள் எண்ட பேரும் வரும். போதாததற்குக் குதிகால் முறுக்கு ஆபத்தானதும்கூட. குதிகாலைப் பிடித்துத் திருப்பினால் திருகுவது முழங்கால். நோ தெரிகிற நேரத்துக்குள் சவ்வு கிழிந்திருக்கும். முழங்கை அப்பிடி இல்லை, அது முதலே கத்தும்.

டீன் லிஸ்ரர் எண்ட அமெரிக்க வீரர் ஒருமுறை டனஹரிடம், மனித உடம்பின் பாதியை ஏன் விட்டுவிடுகிறாய் என்ற மாதிரிக் கேட்டாராம். டனஹரே பல பேட்டிகளில் சொன்ன கதை இது. கேள்வி கேட்டவர் லேசான ஆளில்லை, 2003இல் ஏடிசிசியின் திறந்த பிரிவை வென்றவர். ஆனால் அந்தக் கேள்வியை வருசக்கணக்காகச் சுமந்து திரிந்தது டனஹர்தான். அவர் கண்ட விடையைச் சுருக்கமாகச் சொன்னால், காலிலும் "முதலில் நிலை" உண்டு. எதிராளியின் இடுப்பும் முழங்காலும் அசையாதபடி உன்ர ரெண்டு காலாலும் பின்னிவிட்டால் அதுவே ஒரு அமுக்கல். முறுக்கிறது அதற்குப் பிறகு. பழைய ஜப்பானிய ஜூடோ சொல்லை எடுத்து அஷி கராமி எண்டு பேர் வைத்து, ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு இடம், ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகிற வழி, எதிராளி தப்ப முயன்றால் அடுத்தது என்ன என்று ஒரு வரைபடமே போட்டார். கிரேசிகளின் விதியை அவர் மீறவில்லை. அதை அவர்கள் கொண்டுபோகாத இடத்துக்குக் கொண்டுபோனார்.

இங்கதான் ஒரு விசயத்தைச் சொல்லவேணும். "கால் பூட்டைக் கண்டுபிடித்தவர் டனஹர்" எண்டு யூரியூப்பில் சிலர் எழுதுகிறது பிழை. ரஷ்ய சம்போக்காரரும் பழைய கட்ச் மல்யுத்தக்காரரும் ஜப்பானியரும் காலை முறுக்கிக்கொண்டுதான் இருந்தவை. டனஹர் அதை ஒழுங்குபடுத்தினார். எங்களில் ஒருத்தருக்கு இது அவரைக் குறைத்துச் சொல்வதாகப் படுகிறது. மற்ற எல்லாருக்கும் இதுதான் பெரிய வேலையாகப் படுகிறது. ஒரு பூட்டைக் கண்டுபிடிக்கத் திறமைசாலி ஒருவர் போதும். வாற எவனுக்கும் விளங்குகிற மாதிரி அதை அடுக்கிக் கொடுக்கத்தான் பழக்குநர் வேணும்.

2014க்குப் பிறகு அந்த நிலக்கீழ் அறையில் இருந்து கரி ரொனன், எடி கமிங்ஸ், கோர்டன் ரயன் என்று பெடியள் வரிசையாக வெளியே வந்து பேர் போன ஆக்களின் கால்களை மடக்கத் தொடங்கினார்கள். ரயன் 22 வயதில், 2017இல், முதல் ஏடிசிசி தங்கம். 2019இல் தன்ர எடைப்பிரிவும் திறந்த பிரிவும். சர்வதேச பிரேசிலியன் ஜியு-ஜிட்சு சம்மேளனம்கூட 2021இல் குதிகால் முறுக்கை, சீருடை இல்லாத போட்டிகளில், மண்ணிறப் பட்டிக்கும் கறுப்புப் பட்டிக்கும் அனுமதித்தது. மட்டமான வேலை எண்டு சொன்னதைச் சட்டப் புத்தகத்தில் ஏற்றவேண்டி வந்தது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். விளையாடாதவர் பழக்கலாமா?

எங்கட ஊர்களில் ஒரு வழமை இருக்கு. முந்தி நல்லா ஓடினவர்தான் ஓட்டம் பழக்குவார், முந்தி நல்லா அடிச்சவர்தான் கிரிக்கெட் பழக்குவார். எங்களில் ஒருவர் அப்படியான ஒரு பழக்குநரிடம் மூன்று வருசம் இருந்தவர். அவருடைய பாடம் முழுக்க ஒரு வசனம்தான்: "நான் செய்யிற மாதிரிச் செய்." செய்ய முடியாதவன் சோம்பேறி. ஏன் முடியவில்லை என்று அவருக்கே விளங்கவில்லை, ஏனெண்டால் அவருக்கு அது ஒருநாளும் முடியாமல் இருந்ததில்லை.

டனஹருக்கு அந்த வசதி இல்லை. ஒழுங்காக மடங்காத காலோடு பழகினவர், "என்னைப் பார்" எண்டு சொல்ல ஏலாது. பிறகு இடுப்பு மூட்டையும் முழங்கால் மூட்டையும் மாற்றவேண்டி வந்த உடம்பு அது. அதனால் எல்லாத்தையும் சொல்லால் விளங்கப்படுத்தவேண்டி வந்தது. புதிதாக வாறவருக்கு அவர் முதலில் பழக்குவது தப்புகிறதை. கீழே அமுக்கப்பட்டால் எப்படி வெளியே வாறது, காலைத் தாண்டி எதிராளி வரப்பார்த்தால் எப்படித் தடுக்கிறது. மாட்டினாலும் வெளியே வரலாம் எண்டு தெரிந்தவன்தான் பயமில்லாமல் தாக்கப் போவான் என்பது அவருடைய கணக்கு. தோற்கிற நிலையைப் பற்றி இவ்வளவு யோசிப்பதற்கு, எப்பவும் வெல்கிற ஆளாக இல்லாமல் இருப்பது உதவியிருக்கும் எண்டே நினைக்கிறோம்.

இன்னொன்று, அவர் ஒளிக்கவில்லை. கடைசி அடியை ஆசான் தன்ர கைக்குள்ளேயே வைத்திருப்பார் எண்ட கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இவரோ 2018இல் இருந்து மணித்தியாலக்கணக்கான வீடியோக்களாக எல்லாத்தையும் விற்கிறார். விலை எங்கட காசுக்குக் கண்ணைக் கட்டும், அது வேற கதை. ஆனால் காசு கொடுத்தால் எதிரியும் வாங்கலாம், வாங்கினவை. அதுக்குப் பிறகும் அவருடைய ஆட்கள் வென்றார்கள்.

இவ்வளவையும் ஒத்துக்கொண்டாலும் எங்களுக்கு ஒரு உறுத்தல் இருக்கு. ஒரு பழக்குநரைத் தங்கப் பதக்கங்களால் மட்டும் அளக்கிறது, ரியூசன் விளம்பரத்தில் 9 ஏ எடுத்த பிள்ளைகளின் படத்தை மட்டும் போடுகிற வேலை. கோர்டன் ரயன் அவரின் மாணவர்தான். ஆனால் ஆரம்ப வருசங்களில் ரயனைப் பழக்கியதில் கரி ரொனனுக்குப் பெரிய பங்கு இருக்கு, கறுப்புப் பட்டி கொடுத்ததிலும் அவர் கை உண்டு. அந்த மெத்தையில் தினமும் தங்கட முழங்கால்களைக் கொடுத்து இந்த வரைபடத்தைச் சோதிக்க விட்ட பேர் தெரியாத ஆட்கள் எத்தனை பேர்? அவர்களைப் பற்றி ஒருத்தரும் பேட்டி எடுக்கிறதில்லை. விடுமுறையில்லாமல் பழக்குவதை ஒரு பெருமையாகச் சொல்கிறதும் எங்களுக்கு முழுக்கச் சரியாகப் படவில்லை. அந்த ஓட்டத்துக்கு ஈடுகொடுக்க ஏலாதவன் எங்க போறது?

எங்களில் இன்னொருத்தர் இதுக்கு மறுப்புச் சொல்கிறார். 2021இல் வந்து சேர்ந்த ஜியான்கார்லோ பொடோனி அடுத்த வருசமே ஏடிசிசி தங்கம் எடுத்ததைக் காட்டி, ரயன் என்ற ஒரு அதிசயத்தில் தொங்குகிற ஆள் இல்லை இவர், பழக்குகிற முறையில்தான் விசயம் இருக்கு எண்டு சொல்கிறார். அந்த வாதத்துக்கு எங்களிடம் சரியான பதில் இல்லை.

2020இல் அந்தக் குழு நியூயோர்க்கை விட்டுப் போர்ட்டோ ரீக்கோவுக்குப் போனது. அடுத்த வருசம் ரெண்டாகப் பிரிந்தது. கிரெய்க் ஜோன்ஸ், நிக் ரொட்ரிகஸ், ரயனின் தம்பி நிக்கி ஒரு பக்கம். டனஹரும் கோர்டன் ரயனும் மற்றப் பக்கம். ரெண்டு பள்ளியும் கடைசியில் டெக்ஸாஸின் ஒஸ்ரின் நகரத்திலேயே. பிரிவுக்கு ஆர் காரணம் எண்டு கதைக்க நாங்கள் வரவில்லை.

2022 ஏடிசிசியில் 99 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டிக்கு வந்தது ரயனும் ரொட்ரிகஸும். ரெண்டு பேரும் ஒரே ஆளிடம் பழகினவர்கள். கனநேரம் எடுக்கவில்லை. ரயன் குதிகாலைப் பிடித்தார், ரொட்ரிகஸ் தட்டினார்.