பதினோராவது ஃபிரேம்

அம்பத்தூரில் குடியிருக்கும் ஒருவர் ரோடு பைக் வாங்க நினைத்தால் இன்று அவர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. பெயர் பெற்ற நிறுவனத்தின் கார்பன் சைக்கிளைக் கடையில் வாங்கலாம். விலையை லட்சங்களில்தான் பேச வேண்டியிருக்கும். அல்லது சீனாவில் ஷியாமென், டோங்குவான், ஷென்ஜென் போன்ற ஊர்களில் இருக்கும் ஆலைகளிடமிருந்து வெறும் ஃபிரேமையும் ஃபோர்க்கையும் நேரடியாக வரவழைத்து, கியர், பிரேக், வீல் எல்லாவற்றையும் தனித்தனியாகச் சேர்த்துத் தானே பூட்டிக்கொள்ளலாம். அப்படி வரும் ஃபிரேமும் ஃபோர்க்கும் சேர்ந்து ஏறக்குறைய 400 முதல் 700 டாலருக்குக் கிடைத்துவிடுகின்றன. பெரிய நிறுவனங்களின் உச்ச ரக ஃபிரேம் மட்டுமே 5,000 டாலரைத் தாண்டும் காலத்தில் இந்த வித்தியாசம் யாரையும் யோசிக்க வைக்கும். இந்த வழியில் போகிறவர்களை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவர்கள் போடும் கணக்கில் சுங்க வரி, ஜிஎஸ்டி, கூரியர்காரர் வாங்கும் கட்டணம் எல்லாம் இருக்கின்றன. ஒரு வரி மட்டும் இல்லை. அந்த ஃபிரேமைச் சோதித்தது யார், நாளை அது விரிசல் விட்டால் பதில் சொல்வது யார் என்ற வரி. அந்த வரியை எழுதத் தெரிந்த ஊர் என்று தமிழ்நாட்டில் ஒன்று இருந்தால் அது அம்பத்தூர்தான்.

காரணம் பழையது. முருகப்பா குழுமமும் பிரிட்டனின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனமும் சேர்ந்து டி.ஐ. சைக்கிள்ஸைத் தொடங்கியது 1949-ல். ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ஃபிலிப்ஸ் என்ற பெயர்கள் அம்பத்தூரிலிருந்துதான் இந்தத் தேசத்தின் தெருக்களுக்குப் போயின. அந்த பிரிட்டிஷ் நிறுவனத்தின் தலைவராக இருந்த சர் ஐவன் ஸ்டெட்ஃபோர்டின் பெயரில் அம்பத்தூரில் இன்றும் ஒரு மருத்துவமனை நடக்கிறது. 1955-ல், ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சோஷலிசப் பாணிச் சமுதாயத்துக்குத் தீர்மானம் போட்ட அதே ஆண்டில், அதே ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா எஃகுக் குழாய்களுக்கான ஆலையாக உருவானது. அதிகம் பேர் கவனிக்காத இன்னொரு தொடர்பும் உண்டு. உலகப் பந்தயச் சைக்கிள்களின் முதுகெலும்பாகப் பல பத்தாண்டுகள் இருந்த ரெனால்ட்ஸ் 531 குழாய் 1935-ல் வந்தது. அதைச் செய்த ரெனால்ட்ஸ், 1928 முதலே டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸின் கையில் இருந்த நிறுவனம். சீன ஆலையின் விவரப் பட்டியலைப் பிரித்துப் பாருங்கள்: பெடல் அச்சு உட்காரும் பாட்டம் பிராக்கெட் என்ன வகை என்ற இடத்தில் பல ஃபிரேம்களுக்கு ‘பிஎஸ்ஏ’ என்று போட்டிருக்கும். 1.37 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 24 மரை கொண்ட அந்தப் பழைய பர்மிங்ஹாம் அளவுதான். பிஎஸ்ஏ எஸ்எல்ஆர் ஓட்டிப் பள்ளிக்கூடம் போன தலைமுறை வாழும் ஊருக்கு அந்த மூன்றெழுத்து ஷியாமென் வழியாகத் திரும்பி வருகிறது. (அழுத்திச் செருகும் வகையைவிட இந்த மரை வகையை வாங்குவதே நல்லது, கழற்றி மாட்ட எளிது, கிறீச் சத்தமும் குறைவு.)

எஃகையும் கார்பனையும் ஒரே கண்ணால் பார்ப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எஃகு ஃபிரேமில் கோளாறு என்றால் பெரும்பாலும் அது சொல்லிவிட்டுத்தான் வரும். முதலில் வளையும், பெயின்ட் வெடிக்கும், துரு எட்டிப் பார்க்கும். தெருமுனை வெல்டிங் பட்டறையில் பற்றவைத்து இன்னும் சில ஆண்டுகள் ஓட்டலாம். கார்பன் ஃபிரேம் அப்படிப் பிறப்பதில்லை. பிசின் ஊறிய கார்பன் இழைத் தாளை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டி, எந்தத் துண்டு எந்தக் கோணத்தில் படிய வேண்டும் என்ற வரைபடத்தின்படி கையால் அடுக்கி, உள்ளே காற்றுப் பையை ஊதி, உலோக அச்சுக்குள் சூடேற்றி இறுக்குகிறார்கள். இதில் வலிமையைத் தீர்மானிப்பவை கண்ணுக்குத் தெரியாத மூன்று விஷயங்கள்: துண்டுகளின் கோணம், அடுக்குகளுக்கிடையே சிக்கிய காற்றுக் குமிழ், மூலைகளில் விழுந்த சுருக்கம். மேலே பூசும் பெயின்ட் மூன்றையும் மறைத்துவிடும். டோரே நிறுவனத்தின் டி700 இழை, டி800 இழை என்று விளம்பரத்தில் போடுவது சமையலுக்குப் பொன்னி அரிசி வாங்கினேன் என்று சொல்வது போலத்தான். அரிசி நல்லதாக இருக்கலாம். சோறு குழைந்ததா என்பது வேறு கேள்வி.

இங்கே உடனே ஒரு மறுப்பு வரும்: பெரிய நிறுவனங்களின் ஃபிரேமும் சீனாவிலும் தைவானிலும்தானே தயாராகிறது, அதே ஆலை, அதே கை, பிறகு பெயருக்கு எதற்குப் பல மடங்கு விலை? பாதி உண்மை. தைவானின் ஜெயன்ட் நிறுவனம் அயல்நாட்டுப் பெயர்களுக்குச் சைக்கிள் செய்து கொடுத்தே வளர்ந்தது. இன்றும் புகழ்பெற்ற பெயர்களில் பல, சொந்த ஆலை இல்லாதவை. ஆனால் மறுபாதியை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஜாப் ஒர்க் எடுக்கும் எந்தப் பட்டறைக்காரரும் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவார். ஒரே லேத்தில், ஒரே ஆபரேட்டர் கையால், காலையில் கார் கம்பெனிக்கு ஒரு புஷ் கடைகிறார்கள், மாலையில் ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளுக்கு அதே மாதிரி ஒன்று. முதலாவதற்கு கம்பெனியின் டிராயிங், மூலப்பொருளின் சான்றிதழ், அளவு தவறியதைத் திருப்பி அனுப்பும் இன்ஸ்பெக்டர் என்று எல்லாம் உண்டு. இரண்டாவதற்கு எதுவும் கிடையாது. இரண்டாவது புஷ் கெட்டது என்று சொல்லிவிட முடியாது; பல சமயம் நன்றாகவே இருக்கும். ஆனால் நன்றாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட ஆள் இல்லை. பெரிய பெயருக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தில் விளம்பரத்துக்கும் பந்தய அணிகளுக்கும் போவது கணிசம், மறுப்பதற்கில்லை. மிச்சத்தில் ஒரு பகுதி அந்தக் கையெழுத்தின் விலை.

அந்தக் கையெழுத்துக்குப் பின்னால் என்ன இருக்க வேண்டும் என்பது ரகசியமில்லை. சைக்கிள்களின் பாதுகாப்புக்கு ஐஎஸ்ஓ 4210 என்ற சர்வதேசத் தரநிலை இருக்கிறது. பந்தய வகை ஃபிரேமின் பெடல்களில் மாறி மாறி 1,100 நியூட்டன், அதாவது சுமார் 112 கிலோ எடைக்கு நிகரான விசையை, 1,00,000 முறை கொடுக்க வேண்டும். எங்கும் விரிசல் தெரியக் கூடாது. 22.5 கிலோ எடையை மேலிருந்து விழவிட்டு முன்பக்கம் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. சீன ஆலைகளில் நேர்மையானவை இந்தச் சோதனைகளைச் செய்கின்றன. சான்றிதழ் கேட்டால் அனுப்பவும் செய்கின்றன. ஆனால் காகிதம் வந்ததும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் தீர்ந்துவிடுவதில்லை. சோதித்தது எந்த மாடல், எந்த அளவு, எந்த ஆண்டின் அடுக்கு முறை? அதற்குப் பிறகு எடையில் 80 கிராம் குறைத்துப் புதிய மாடல் என்று விற்கிறார்களா? கேட்டுத் தெளிவாகும் பொறுமை உள்ளவருக்கு நேரடி ஆலை ஃபிரேம் பொருந்தும். விலையை மட்டும் பார்க்கிறவருக்குப் பொருந்தாது.

ஆயிரக்கணக்கானோர் இந்த ஃபிரேம்களில் ஓடிக்கொண்டிருக்கிறார்களே, என்ன ஆகிவிட்டது என்பது அடுத்த மறுப்பு. உடைந்தவர் எங்கே போய்ச் சொல்வார்? கணக்கு எடுக்க ஆளில்லாத இடத்தில் புகார் இல்லை என்பதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. பெரிய பெயர்களும் தவறுகின்றன. 2021-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் டார்மாக் எஸ்எல்7 சைக்கிளில் ஃபோர்க்கின் தண்டு விரிசல் விடும் அபாயம் இருப்பதாகச் சொல்லி விற்ற சைக்கிள்களைத் திரும்ப அழைத்தது. அவமானகரமான செய்திதான். ஆனால் திரும்ப அழைக்க அதனிடம் ஒரு பட்டியல் இருந்தது, வாங்கியவர் கொண்டுபோய் நிறுத்த ஒரு கடை இருந்தது. நேரடியாக இறக்குமதி செய்தவருக்கு இரண்டும் இல்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பழுதான பொருளால் விளையும் கேட்டுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்க ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறது. வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடவும் அனுமதிக்கிறது. பூந்தமல்லிக்காரர் திருவள்ளூரில் வழக்குப் போட்டு, நோட்டீஸ் ஷியாமென் போய்ச் சேர்ந்து, தீர்ப்பை அங்கே நிறைவேற்றி முடிப்பதற்குள் அவர் சைக்கிள் ஓட்டும் வயதைக் கடந்திருப்பார். நடைமுறையில் இறக்குமதியாளர், இன்ஸ்பெக்டர், வாரண்டி கொடுப்பவர் மூவரும் அவரேதான். மிச்சம் பிடித்த பணம் இந்த மூன்று வேலைகளுக்கான கூலி. கூலியை வாங்கிக்கொண்டு வேலையைச் செய்யாமல் விடுவதுதான் நான் கண்டிக்கும் விஷயம்.

ஓர் இடைச்செருகல். இந்த வட்டாரத்துக்குக் கார்பன் தேவையா என்றே கேட்கலாம். எஃகு ஃபிரேமுக்கும் கார்பனுக்கும் உள்ள எடை வித்தியாசம் சுமார் ஒரு கிலோ. ஓட்டுபவரும் சைக்கிளும் சேர்ந்து 84 கிலோ என்றால் அது நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். ஏற்றத்தில் அது உதவும். பாடியிலிருந்து திருவள்ளூர் வரை ஏற்றம் என்று சொன்னால் மேம்பாலங்களைத்தான் சொல்ல வேண்டும். சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் நம் உழைப்பில் பெரும்பங்கை விழுங்குவது காற்று. அதை முதலில் குறைப்பது ஃபிரேமின் வடிவமல்ல, உடலுக்குப் பொருந்திய அளவும் அமரும் நிலையும். மழைக்காலத்தில் தண்ணீர் மூடிய பள்ளங்களும், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மெட்ரோ பணிகள் விட்டுச் சென்ற ஒட்டுப்போட்ட தாரும் உள்ள ஊரில், 32 மில்லிமீட்டர் டயருக்கு இடம் தரும் ஃபிரேம், அதில் நல்ல டயர், நம்பிக்கையான பிரேக், பெண்ட் எடுத்து இறுக்கமாகக் கம்பி கோத்த வீல் இவற்றில்தான் முதல் ரூபாய் போக வேண்டும். அதற்குப் பிறகும் கார்பன்தான் வேண்டும் என்றால் டார்க் ரெஞ்ச் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். ஹேண்டில்பாரைப் பிடிக்கும் போல்ட்டுக்குப் பொதுவாக 5 நியூட்டன் மீட்டர்தான் அளவு. பழக்கதோஷத்தில் கைப்பலம் காட்டினால் புத்தம் புதிய கார்பன் குழாய் நசுங்கும். நம் வியர்வையும் ஈரக்காற்றும் கார்பனோடு ஒட்டியிருக்கும் அலுமினியத்தை அரித்து, சீட் போஸ்ட்டைக் கழற்ற முடியாமல் பிடித்துவைக்கும். அதற்கான பசையைத் தடவி, ஆண்டுக்கு இரண்டு முறையாவது கழற்றிப் பார்க்க வேண்டும்.

சோதனைக்கு வருவோம். தனி ஒருவர் தன் ஒரே ஃபிரேமைக் களைப்புச் சோதனைக்குக் கொடுக்க முடியாது. லட்சம் மிதிகளை வாங்கிய ஃபிரேமை யார் ஓட்டுவார்? ஆனால் சீட்டுப் பிடித்துப் பழகிய ஊருக்கு வழி தெரியாமலா போகும்? ஒரே மாடலை விரும்பும் பத்துப் பேர் சேர்ந்து பதினொரு ஃபிரேம் வாங்கட்டும். பதினோராவது சோதனைக்கு. ஃபிரேம் விலையில் ஆளுக்குப் பத்தில் ஒரு பங்கு கூடுதல், அதோடு சோதனைக் கட்டணம். நொடிக்கு ஒரு மிதி என்று வைத்தாலும் 1,00,000 முறை என்பது 28 மணி நேர வேலைதான். மோட்டாரும் நெம்புகோலும் எண்ணியும் உள்ள அந்த இயந்திரத்தைக் கட்டுவது, வாகன உதிரிபாகங்களுக்குச் சோதனைச் சாதனம் செய்து பழகிய தொழிற்பேட்டைக்குப் புதிய வித்தையல்ல. மற்ற பத்து ஃபிரேம்களை உடைக்காமலே பார்க்கலாம்: குழாய்க்குள் கேமரா விட்டுச் சுருக்கம் தேடலாம், கார்பன் அறிந்தவரைக் கொண்டு மீயொலியால் அடுக்குப் பிரிவைத் தேடலாம். பிளாஸ்டிக்கையும் கலவைப் பொருள்களையும் சோதிக்கக் கிண்டியில் 1968 முதல் சிபெட் இருக்கிறது. சைக்கிளுக்கும் தையல் இயந்திரத்துக்குமான ஓர் ஆராய்ச்சி மையம் பஞ்சாபின் லூதியானாவில் இயங்குகிறது. சைக்கிள் செய்து பெயர் வாங்கிய அம்பத்தூரில் தனிநபர் கதவைத் தட்டக்கூடிய ஒரு சோதனைக்கூடம் அமைய வேண்டும்.

ஒரு ஃபிரேம் தேறினால் மற்ற பத்தும் தேறிவிட்டதாக அர்த்தமா என்று கேட்பவர் சரியாகத்தான் கேட்கிறார். அர்த்தமில்லை. வடிவமைப்பு தாங்கும் என்பதைத்தான் களைப்புச் சோதனை காட்டும்; கைவேலை ஒழுங்கா என்பதை ஒவ்வொரு ஃபிரேமையும் தனியாகப் பார்த்துத்தான் சொல்ல முடியும். இரண்டும் சேர்ந்தாலும் முழு உத்தரவாதம் ஆகாது. ஆனாலும் ஒன்றுமே தெரியாமல் வெளிவட்டச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்குப் பக்கத்தில் 35 கிலோமீட்டர் வேகத்தில் போவதோடு ஒப்பிட்டால் அது எவ்வளவோ மேல். இவ்வளவு சிறிய சந்தைக்கு எந்தப் பட்டறை முதலீடு செய்யும் என்பதும் நியாயமான சந்தேகம். பந்தயச் சைக்கிளை மட்டும் நம்பினால் கட்டாது. மின்சைக்கிள் ஃபிரேமுக்கும், சரக்கு ஏற்றும் மூன்று சக்கர வண்டிக்கும், குழந்தைகளின் சைக்கிளுக்கும் அதே மேடை, அதே மோட்டார் போதும். பிடிமானங்களை மாற்றினால் சரி. ஒரு பட்டறை துணிந்து தொடங்கட்டும். அதுவரை காத்திருக்க முடியாத சைக்கிள்காரர்களுக்கு ஒன்று சொல்லலாம்: அடுத்த முறை பத்துப் பேர் சேர்ந்து ஆர்டர் போடும்போது எண்ணிக்கைக் கட்டத்தில் பதினொன்று என்று எழுதுங்கள்.