எழுதியவன் கண்ணும் ஏனையோர் கண்ணும்

நூலொன்றை எழுதி முடித்தவுடன் அதனை உலகத்தார் கையிற் கொடுத்துவிடுதல் நம் முன்னோர் மரபன்று. கற்றோர் அவையிலே அதனைப் படித்துக் காட்டி, அவர்கள் எழுப்பும் தடைகளுக்கு விடை கூறிய பின்னரே புலவர் தம் நூலை அரங்கேற்றினர். தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையிலே அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப் பாயிரம் கூறுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நல்லூர் ஆறுமுக நாவலர் ஏட்டுப் பிரதிகளைப் பரிசோதித்து அச்சிட்ட பதிப்புக்கள் பிழையின்மைக்குப் பெயர் பெற்றவை. எழுதியவன் கண்ணுக்குத் தப்பிய பிழை ஏனையோர் கண்ணுக்கு அகப்படும் என்பதே இம்மரபின் அடிப்படை.

இன்று நம் மாணவர் கணினிக்கு எழுதும் நிரல்களுக்கும் இவ்விதி நன்கு பொருந்தும். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திலே டெனிஸ் ரிச்சி என்பார் 1972 ஆம் ஆண்டளவில் ஆக்கிய ‘சி’ மொழியைக் கற்கத் தொடங்கும் மாணவருட் பலர் முதலிற் செய்து பார்ப்பது ஒரு தெரிவுப் பட்டியலாகும். படமும் இல்லை, பொத்தானும் இல்லை. கருந்திரையிலே சில வரிகள் தோன்றும். வேண்டிய இலக்கத்தை விசைப்பலகையில் அழுத்தினால் அதற்குரிய வேலை நடைபெறும். பார்வைக்கு எளியதாகிய இந்நிரலே பரிசோதனைக்கு மிக ஏற்றது.

உடப்புக் கரையிலே கரைவலைக் கணக்கை எழுதி வைப்பதற்கு ஒரு மாணவன் இத்தகைய நிரலொன்றை ஆக்கியிருக்கிறான் எனக் கொள்வோம். ஒன்று, இன்றைய மீன்பாட்டைப் பதிதல், இரண்டு, பங்குக் கணக்கைப் பார்த்தல், மூன்று, கணக்கை அழித்தல், பூச்சியம், வெளியேறல். அவன் ஒன்றை அழுத்துகிறான், பதிகின்றது. இரண்டை அழுத்துகிறான், கணக்குத் தோன்றுகின்றது. “நிரல் சரி” என்று மகிழ்கிறான். தான் வெட்டிய பாதையிலே தானே நடந்து பார்த்தவனுக்கு முள் தைப்பதில்லை. அப்பாதையை அறியாதவன்போல நடந்து பார்ப்பதே பரிசோதகனின் முதற் கடமை.

பரிசோதகன் இலக்கத்துக்குப் பதிலாக ஓர் எழுத்தை அழுத்துகிறான். உடனே பட்டியல் நிற்காமல் மீண்டும் மீண்டும் திரையில் ஓடத் தொடங்குகின்றது. காரணம் யாது? ‘ஸ்கான்எஃப்’ என்னும் கருவியிடம் “முழுவெண் ஒன்றை வாங்கி வா” என்று மாணவன் பணித்திருக்கிறான். வாயிலில் நிற்பது எழுத்தாதலின் அக்கருவி அதனை உள்ளே விடவுமில்லை, அப்பாற் போக்கவுமில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் அவ்வெழுத்தே அங்கு நிற்கின்றது. எத்தனை பொருள்களை வாங்கினேன் என அக்கருவி திருப்பிச் சொல்லும் விடையை மாணவன் கேளாது விட்டதே இத்துன்பத்துக்கு மூலம்.

இன்னொரு குறையும் இதனோடு உறவுடையது. இலக்கத்தை வாங்கிய பின்னர், அதனை அடுத்து அழுத்திய ‘என்டர்’ விசையின் குறி உள்ளே எஞ்சி நிற்கும். அடுத்துச் சம்மாட்டியாரின் பெயரை ஒரு வரியாக வாங்க முயன்றால், அக்குறியையே வரியின் முடிவாகக் கொண்டு நிரல் வெறும் பெயரைப் பதிந்துவிடும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே. ‘எஃப்கெட்ஸ்’ என்னும் கருவியால் முழு வரியையும் வாங்குதல் வேண்டும். வரி இடத்துக்கு மிஞ்சி நீளுமாயின் எஞ்சியதைப் படித்துக் கழித்தல் வேண்டும். பின்னர் அதனை எண்ணாக மாற்றி, எண்ணன்றி வேறேதும் அதிலுண்டோவென நோக்குதல் வேண்டும்.

வரியை வாங்குவதற்குப் பழைய நூல்கள் சில ‘கெட்ஸ்’ என்ற கருவியைக் காட்டும். அது எவ்வளவு இடம் உண்டென்று அறியாமலே வந்ததையெல்லாம் கொட்டும். நிறைந்த பாத்திரத்தில் வார்த்த நீர்போல அயலிலுள்ளவற்றையும் கெடுக்கும். 1988 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கோர்னெல் பல்கலைக்கழக மாணவர் ரொபேட் மொரிஸ் விடுத்த ‘புழு’ நிரல், ஆயிரக்கணக்கான கணினிகளிற் புகுந்த வழிகளுள் இதுவும் ஒன்று. 2011 ஆம் ஆண்டு வெளிவந்த ‘சி’ மொழித் தரநிலை இக்கருவியை அறவே நீக்கிவிட்டது.

இனி, யாவற்றினும் கொடியது ஒன்றுண்டு. ‘ஸ்விட்ச்’ என்னும் அமைப்பிலே ஒவ்வொரு தெரிவின் வேலை முடிந்ததும் ‘பிரேக்’ என்னும் சொல்லை எழுதி நிறுத்துதல் வேண்டும். அச்சொல் இரண்டாம் தெரிவின் முடிவில் விடுபட்டதாயின், நிரல் கணக்கைக் காட்டிய கையோடு மூன்றாம் தெரிவிற் புகுந்து அதனை அழித்தும் விடும். திரையிலே கணக்குத் தோன்றுவதால் எவரும் ஐயுறார். மறுநாட் பார்க்கும்போதே ஏடு வெறுமையாயிருக்கக் காண்பர். வலை இழுத்தவர்களின் ஒரு நாட் பங்கு ஒரு சொல்லின் குறையாற் காணாமற் போகும். மொழி இவ்வமைப்பை அனுமதிப்பதால், எச்சரிக்கைகளை நாமாகக் கேட்டாலன்றித் தொகுப்பி வாய் திறவாதிருத்தலும் உண்டு.

இது கற்பனை அச்சமன்று. 1990 ஆம் ஆண்டு ஜனவரி 15 ஆம் திகதி அமெரிக்காவின் ஏ.டி. அன்ட் டி. நிறுவனத்து நெடுந்தூரத் தொலைபேசிச் சேவை ஏறத்தாழ ஒன்பது மணி நேரம் சீர்குலைந்தது. அதன் 114 இணைப்பு நிலையங்களிலும் இருந்த ‘சி’ நிரலிலே, ‘பிரேக்’ என்னும் ஒரு சொல் இடம் தவறி நின்றமையே காரணமென ஆராய்ந்து கண்டனர். பெல் ஆய்வுகூடம் அந்நிறுவனத்துக்கே உரியதாயிருந்தது என்பதை நினைக்கின் வியப்பு மிகும். மொழி பிறந்த வீட்டிலேயே நிகழ்ந்த பிழை மாணவன் வீட்டில் நிகழாதென்பது என்ன உறுதி?

ஆதலின், பிழை செய்தவனை இகழ்வதற்கு இங்கே இடமில்லை. ஐ.பி.எம். நிறுவனத்து மைக்கேல் ஃபேகன் நிரற் பரிசோதனை முறையொன்றை வகுத்து 1976 ஆம் ஆண்டு வெளியிட்டார். சிறு குழுவாக அமர்ந்து நிரலைப் படித்துப் பிழை காண்பதே அதன் முறை. அப்பரிசோதனையிற் கண்ட பிழைகளைக் கொண்டு ஊழியரின் தகுதியை மதிப்பிடலாகாது என அவர் வற்புறுத்தினார். தன்னைத் தூக்கிலிடும் கயிற்றைத் தானே திரிப்பவன் யார்? தண்டனைக்கு அஞ்சினால் மாணவன் நிரலை மறைப்பான். நிரலை மறைத்தால் பிழையும் மறைந்தே வாழும்.

எனவே, நண்பனின் நிரலைப் பரிசோதிக்கும் மாணவர், “நீ எழுதியது பிழை” என்னாது, “இங்கே ஓர் எழுத்தை அழுத்தினால் யாது நிகழும்?” என வினவுதல் நன்று. கேடு தரும் குறைகளை முதலிலும் அழகுக் குறைகளை இறுதியிலும் கூறுக. அழிக்கும் தெரிவு, “உறுதிதானா?” என ஒருமுறை கேட்கின்றதா என நோக்குக. பத்துச் சதம் போன்ற பின்னங்களைக் கணினி தன் இரும எண்ணில் முழுமையாகக் குறிக்க இயலாதாகலின், பணத்தைச் சதக் கணக்கில் முழுவெண்ணாக வைக்குமாறு கூறுக. நன்றாயமைந்த பகுதியைப் பாராட்டவும் மறவற்க.

பெற்றோரே, இப்பணியில் உங்களுக்கும் பங்குண்டு. ‘சி’ மொழி தெரியாதென்று ஒதுங்கவேண்டா. தெரியாமையே இங்கு உங்கள் தகுதி. பிள்ளையின் அருகே அமர்ந்து, தோன்றிய விசையை அழுத்துங்கள். ஒன்றும் எழுதாமல் ‘என்டரை’ அழுத்துங்கள். இலக்கம் கேட்டால் உங்கள் பெயரை எழுதுங்கள். “அப்படி அழுத்தக்கூடாது, அம்மா” என்று பிள்ளை சொல்லுமாயின், திருத்த வேண்டிய இடம் அதுவென்று அறிந்துகொள்ளலாம். நாளை அந்நிரலைக் கையாளப்போகும் மனிதர் அப்படித்தான் அழுத்துவர், அவர்மேற் குற்றமில்லை.

கரைவலையைக் கடலில் விடுமுன் மணலிலே விரித்துப் பலரும் கண்ணிகளைப் பார்த்துக் கிழிசலைப் பொத்துவர். வலை பின்னியவனுக்கு அதனால் இழுக்கில்லை. கிழிசல் கரையிலே அகப்பட்டால் நூலோடு போம். கடலிலே அகப்பட்டால் மீனோடு போம்.